கம்பி அறுத்த ஊரும் கம்பி பிடித்த ஊரும்

அவனியாபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தை முதல் நாள் ஜல்லிக்கட்டு. மதுரைக்காரர்களுக்கு விமான நிலையம் போகிற வழி. ஊருக்குள் இருப்பவர்களைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள்: மதுரையின் குப்பையும் சாக்கடையும் வந்து சேர்கிற திசை. வெள்ளைக்கல்லில் மாநகராட்சியின் குப்பைக்கிடங்கு இருக்கிறது. நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிப்பதற்கென்று கட்டிய நிலையமும் இங்கேதான். அதற்கெல்லாம் முன்பிருந்தே சாக்கடைத் தண்ணீர் பாய்ச்சி மாட்டுக்குப் புல் வளர்த்த பண்ணையும் இங்கேதான். தனி நகராட்சியாக இருந்த அவனியாபுரத்தை 2011இல் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். சாக்கடை அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே சேர்ந்துவிட்டது.

அதனால் ‘தற்சார்பு வீடு’, ‘பூமிக்குப் பாரமில்லாத வாழ்க்கை’ என்ற பேச்சை எடுத்தால் இந்த ஊரில் நின்று எடுப்பதுதான் நியாயம். ஒரு வீட்டு மொட்டை மாடியில் எத்தனை பேனல் இருக்கிறது என்பது தெருவில் போகிற எவருக்கும் தெரியும். அந்த வீட்டிலிருந்து என்னவெல்லாம் வெளியே போகிறது என்பது கடைசியாக வந்து விழுகிற இடத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

சூரியத் தகடுக்கு இப்போது நல்ல காலம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். ஆனால் அது ஈ.பி. கம்பியோடு இணைந்த அமைப்புக்குத்தான். கம்பியை விட்டுவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டுகிறேன் என்பவருக்கு அதில் இடமில்லை. ஆன்-கிரிடா, ஆஃப்-கிரிடா என்று கடைக்காரர் கேட்கும்போது நம்மில் பலர் விலையைக் கேட்டுப் பதில் சொல்கிறோம். இந்தக் கேள்விக்கு விலையை மட்டும் பார்க்காமல் பதில் சொன்ன இரண்டு ஊர்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. ஒன்று ஆரோவில் ஓரத்தில் இருக்கும் சாதனா ஃபாரஸ்ட். மற்றொன்று மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி. முன்னது கம்பியே வேண்டாம் என்றது. பின்னது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அவனியாபுரத்து வீடொன்றுக்கு எது ஒத்துவரும் என்று கணக்குப் போடலாம்.

சாதனா ஃபாரஸ்டை 2003 டிசம்பரில் தொடங்கியவர்கள் இஸ்ரேலிலிருந்து வந்த அவிராம் ரோசின், யோரித் ரோசின் தம்பதியர். கையில் கிடைத்தது 70 ஏக்கர் அரித்துப்போன செம்மண் நிலம். மழை பெய்தால் மண்ணோடு சேர்ந்து கடலுக்கு ஓடுகிற நிலம் அது. வரப்பும் குழியும் வெட்டித் தண்ணீரை நிறுத்தி, அந்தக் கடலோரத்துக்கே உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை நட்டார்கள். குடியிருக்கக் கம்பும் கீற்றும் கொண்ட குடிசைகள். கரன்ட் முழுக்கச் சூரியத் தகடும் பேட்டரியும். மேகம் மூடினால் சைக்கிளை மிதித்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்கள். தன்னார்வலர்கள் உலகெங்கும் இருந்து வந்து தங்கி வேலை செய்கிறார்கள்.

அங்கே தங்கப் போகிறவர் முதல் நாளில் கற்றுக்கொள்வது கரன்ட் பற்றி அல்ல, கக்கூஸ் பற்றி. தண்ணீர் ஊற்றித் தள்ளுகிற வழக்கமே கிடையாது. மலம் ஒரு பக்கம், சிறுநீர் ஒரு பக்கம். போனதும் மேலே மரத்தூள் போட்டு மூட வேண்டும். மக்கியதும் மரத்துக்கு உரம். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் செடிக்கு. சூரிய ஒளியில் எரிகிற விளக்கைப் படம் எடுத்துப் போடுகிற பத்திரிகைகள் இதைப் பெரும்பாலும் ஓரமாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. என்னைக் கேட்டால் அங்கே நடப்பதில் பெரிய விஷயம் இதுதான். அந்த 70 ஏக்கரிலிருந்து ஒரு சாக்கடைகூட வெளியே வருவதில்லை. அதற்கென்று ஒரு வெள்ளைக்கல் எங்கேயும் தேவைப்படவில்லை.

ஓடந்துறையின் கதை நேர் எதிர்த் திசையில் போகிறது. கோவை மாவட்டம் காரமடை ஒன்றியத்தில், நீலகிரி அடிவாரத்தில் இருக்கிற சாதாரண ஊராட்சி. 1996 முதல் 2006 வரை தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். ஊருக்குக் குடிநீர் கொண்டுவந்தார். தண்ணீர் வந்ததும் மோட்டார் ஓடியது, மோட்டார் ஓடியதும் ஊராட்சியின் மின்கட்டணம் ஏறியது. சம்பாதிப்பதெல்லாம் ஈ.பி.க்கே போகிறதே என்ற கவலையில்தான் மாற்றைத் தேடினார்கள். தத்துவம் எதுவும் பேசவில்லை. 2003இல் மரக்கழிவை எரித்து வாயுவாக்கி மோட்டார் ஓட்டுகிற 9 கிலோவாட் கருவி ஒன்றை வைத்தார்கள். பிறகு 2006இல் பெரிய அடி எடுத்து வைத்தார்கள்: 350 கிலோவாட் காற்றாலை. விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பில் 40 லட்சம், மீதி வங்கிக் கடன்.

அந்தக் காற்றாலை ஓடந்துறையில் இல்லை. மலையடிவாரத்தில் அவ்வளவு காற்று கிடையாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில் நிறுத்தினார்கள். அங்கே சுற்றுகிற காற்றாடி அங்கேயே கம்பியில் மின்சாரத்தை ஏற்றுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட். ஓடந்துறைக்கு வேண்டியது 4.5 லட்சம். மீதியை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்தில் கடனைக் கட்டினார்கள். தெருவிளக்கு முன்பு எரிந்ததுபோலத்தான் எரிந்தது. மோட்டார் முன்பு ஓடியதுபோலத்தான் ஓடியது. ஊரில் ஒருவர்கூடத் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மாறியது கணக்குப் புத்தகம் மட்டும்.

சாதனா ஃபாரஸ்ட் மனிதர்களை மாற்றியது, ஓடந்துறை கணக்கை மாற்றியது. முன்னதில் இருப்பவர்கள் விரும்பித் தேடி வந்தவர்கள், பிடிக்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பலாம். ஓடந்துறையில் இருப்பவர்கள் அந்த ஊரில் பிறந்தவர்கள். மிக்ஸி போடாதே, இரவில் துணி தேய்க்காதே என்று அவர்களிடம் சொல்லித் தேர்தலில் ஜெயிக்க முடியாது. அவனியாபுரம் இந்த விஷயத்தில் ஓடந்துறை மாதிரிதான். இங்கே எவரும் தன்னார்வலராக வந்து குடியேறவில்லை.

இனி கணக்கு. ஏ.சி. இல்லாத நடுத்தர வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு ஃபேன், ஃபிரிட்ஜ், டி.வி., விளக்குகள், காலையில் மிக்ஸி, வாரம் இரண்டு தடவை கிரைண்டர், அரை மணி நேரம் போர் மோட்டார். நாளுக்கு 5 யூனிட், இரண்டு மாதத்துக்கு 300 என்று வைக்கலாம். மதுரை வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்கு 4 யூனிட் வரை கொடுக்கும். ஆக, வெயில் நாளில் 2 கிலோவாட் தாராளம். இது வரைக்கும் ஆன்-கிரிட், ஆஃப்-கிரிட் இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்.

வித்தியாசம் ஐப்பசியில் தெரியும். மதுரைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. விடாமல் இரண்டு நாள் மூடிக்கொண்டால் பேனலை நம்பி இருக்க முடியாது. அந்த இரண்டு நாளையும் தாங்க வேண்டுமென்றால் 10 யூனிட்டாவது சேமித்து வைத்திருக்க வேண்டும். மதுரை வீடுகளில் இருக்கிற வழக்கமான 150 ஏ.எச். பேட்டரி ஒன்றில் நிற்பது 1.8 யூனிட். அதை ஒரேயடியாக உறிஞ்சினால் சீக்கிரம் செத்துப்போகும். ஆயுள் வேண்டுமென்றால் பாதியைத்தான் எடுக்கலாம், 0.9. அப்படியானால் 10 யூனிட்டுக்குப் பதினோரு பேட்டரி. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல் எடை. மாடிப்படிக்குக் கீழே அரை டன் ஈயத்தையும் அமிலத்தையும் வைத்துக்கொண்டு படுத்துத் தூங்க வேண்டும், ஆண்டில் சில நாட்களுக்காக.

பேட்டரி வளர்ப்பது எப்படி என்று மதுரைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2012இல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரன்ட் போன காலத்தில் கடன் வாங்கியாவது இன்வெர்ட்டர் வாங்கிய ஊர் இது. மிதவைக் குச்சி சிவப்பில் இறங்கியதும் டிஸ்டில்டு வாட்டர் கேனைத் தேடுவது, புனல் வைத்து ஒவ்வொரு அறையாக ஊற்றுவது, டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவி வாசலின் தடவுவது எல்லாம் கைப்பழக்கம். ஒரு தடவை மறந்தால் தட்டு காய்ந்துவிடும். நான்கைந்து ஆண்டில் அந்தப் பேட்டரி எடைக்குப் போகும். பதிவு பெற்ற ஆலைக்குப் போனால் ஈயத்தைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். எங்கோ கொட்டகையில் உடைத்து உருக்குகிறவர் கைக்குப் போனால் அமிலம் மண்ணில், ஈயப்புகை பக்கத்துக் குழந்தைகளின் நெஞ்சில். லித்தியம் பேட்டரி இந்தத் தொல்லைகளைக் குறைக்கிறது. எடை குறைவு, பத்தாண்டு வரை உழைக்கும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். விலைதான் பெரிது. பேனலையும் இன்வெர்ட்டரையும் சேர்த்த விலையை அதுவே தொட்டுவிடும்.

சரி, கம்பியோடு இருப்பவர் நிம்மதியாக இருக்கிறாரா? சித்திரை மாத மத்தியானம். மாதாந்திரப் பராமரிப்புக்கென்று காலை ஒன்பது மணிக்குப் போன கரன்ட் சாயங்காலம்தான் வரும். மாடியில் பேனல் அனலாகக் கொதிக்கிறது. கீழே ஃபேன் சுற்றவில்லை. ஆன்-கிரிட் போட்ட புதிதில் பலரும் அதிர்ச்சியடைவது இந்த இடத்தில்தான். கம்பியில் கரன்ட் இல்லையென்றால் அந்த இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். அது குறையல்ல, விதி. நம் மாடியிலிருந்து கரன்ட் கம்பியில் ஏறினால் கம்பத்தில் வேலை செய்கிற லைன்மேனின் உயிர் போய்விடும். இதை விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்கிறவர்கள் குறைவு. பழைய இன்வெர்ட்டரையும் ஒரு பேட்டரியையும் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிற வீடுகள் இந்த மத்தியானத்தைத் தாண்டிவிடுகின்றன. ஹைபிரிட் என்று இரண்டையும் சேர்த்த பெட்டியும் கிடைக்கிறது.

இந்த ஒரு சங்கடத்தைப் பொறுத்துக்கொண்டால் கம்பியின் லாபம் பெரிது. அதை மதுரைப் பக்கம் விளக்க மொய்நோட்டு போதும். மத்தியானம் நம் வீட்டில் மிஞ்சியதை ஈ.பி. நோட்டில் எழுதிவிடுகிறோம். ராத்திரி நமக்குத் தேவைப்படும்போது அது திரும்பி வருகிறது. நடுவில் அதைப் பூட்டிவைக்க நம் வீட்டில் பீரோ தேவையில்லை. பதினோரு பேட்டரிக்குப் பதில் இரண்டு திசையிலும் எண்ணுகிற ஒரு மீட்டர்.

இதில் ஒரு பொய்யும் ஒளிந்திருக்கிறது. மத்தியானம் நாம் கொடுத்த யூனிட்டை மத்தியானமே பக்கத்து வீடு செலவழித்துவிட்டது. ராத்திரி எட்டு மணிக்கு நமக்கு வருவது சூரியன் அல்ல. ஆடி மாதமென்றால் அம்மி பறக்கிற காற்றில் ஆரல்வாய்மொழியும் கம்பமும் உடுமலையும் சுற்றுவதில் ஒரு பங்கு வரும். ஐப்பசி கார்த்திகையில் காற்றும் அடங்கிவிடும், வெயிலும் இருக்காது. அப்போது பெரும்பங்கு தூத்துக்குடி போன்ற அனல் நிலையங்களின் நிலக்கரிதான். தூத்துக்குடி அரசு நிலையத்தில் மட்டும் 210 மெகாவாட்டில் ஐந்து அலகுகள். ‘ஜீரோ பில்’ வந்துவிட்டதால் நம் வீடு நிலக்கரியை விட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. ஓடந்துறைக்கும் இது பொருந்தும். சாதனா ஃபாரஸ்ட் ஆள் இந்த இடத்தில் நம்மைப் பார்த்துச் சிரிக்கலாம், அவருக்கு உரிமை உண்டு.

ஆனாலும் அவர் பக்கம் முழுக்கச் சாய முடியவில்லை. மதுரையிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர் தூரத்தில் கமுதி இருக்கிறது. 2016இல் அங்கே 648 மெகாவாட் சூரிய நிலையம் ஓடத் தொடங்கியது, 2,500 ஏக்கரில். அந்தக் காலத்தில் உலகிலேயே ஒரே இடத்தில் அமைந்த மிகப் பெரியவற்றில் ஒன்று. அந்த வெயில் அவனியாபுரத்துக்கு வருவதும் கம்பி வழியாகத்தான். கம்பி அழுக்காக இருக்கிறது என்று அறுத்துக்கொண்டு போகிற வீடு தனக்கு மட்டும் சுத்தம் தேடுகிறது. இருந்து கொடுக்கிற வீடு மத்தியானத்தில் தெருவுக்கே கொஞ்சம் நிலக்கரியைக் குறைக்கிறது. பேட்டரி நிரம்பிவிட்ட ஆஃப்-கிரிட் வீட்டில் மத்தியானம் இரண்டு மணி வெயில் வீணாகத்தான் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அரசாங்கமே ஆஃப்-கிரிட் விளக்கை வீடுவீடாகக் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. 2011-12இல் தொடங்கிய முதலமைச்சரின் சூரிய ஒளி பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீடு, ஒன்றுக்கு 1.80 லட்சம் ரூபாய், அதில் சூரிய விளக்குக்கு மட்டும் 30,000. கூடம், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை, தாழ்வாரம் என்று ஐந்து விளக்கு. ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்று இலக்கு வைத்தார்கள். மின்வெட்டு உச்சத்தில் இருந்த அந்த ஆண்டுகளில் அது நல்ல யோசனைதான். ஆனால் விளக்கு மட்டும் எரிகிற வீட்டில் ஃபேனுக்கும் மிக்ஸிக்கும் ஈ.பி. வேண்டும். ஈ.பி. வந்துவிட்டால் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிற அக்கறை போய்விடும். கொடுப்பது சுலபம், பராமரிப்புக்கு ஆள் வைப்பதுதான் கஷ்டம்.

கரன்ட்டைவிட முன்னால் பேச வேண்டியது சூடு. நம் வீட்டுக் கான்கிரீட் கூரை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு அதை நம் மேல் கக்குகிறது. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் இதற்கு ஒரே பதில் ஏ.சி. என்று ஆகிவிட்டது. ஒன்றரை டன் ஏ.சி. எட்டு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 8 யூனிட். வீட்டின் மற்ற எல்லாம் சேர்ந்து 5 என்று சற்றுமுன் பார்த்தோம். ஒரு படுக்கையறை மொத்த வீட்டையும் விழுங்குகிறது. ஏ.சி. உள்ள வீடு ஆஃப்-கிரிட் போவதென்றால் மேலே சொன்ன பேட்டரிக் கணக்கு இரண்டரை மடங்காகிவிடும். யோசிக்கக்கூட வேண்டாம்.

இங்கே ஆரோவில் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. கீற்றுக் குடிசையை எடுக்க முடியாது. நெருக்கமான தெருவில் ஒரு பொறி போதும், வங்கியும் கடன் தராது. ஆனால் 1989இல் தொடங்கிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் மண்ணோடு ஐந்து சதவீதம் அளவுக்குச் சிமென்ட் கலந்து அழுத்திய கட்டிகளால் மாடி வீடே கட்டிக் காட்டியிருக்கிறது. சூளையில் வேகவைக்காததால் விறகும் நிலக்கரியும் மிச்சம். புதிதாகக் கட்டுகிறவர்கள் யோசிக்கலாம். கட்டி முடித்துவிட்டவர்களுக்கு நம் பழைய கொத்தனார்களின் வழியே இருக்கிறது: தளத்தின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, தட்டோடு பதித்து, மேலே வெள்ளை அடிப்பது. ஃபேன்களை பி.எல்.டி.சி.க்கு மாற்றினால் 75 வாட் இருக்கிற இடத்தில் 30 சொச்சம் போதும். பேனலையே ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினால் தளத்துக்கு நிழலாகவும் ஆகிறது. துணியும் வடகமும் காயப்போடக் கீழே இடமும் இருக்கும். இதற்கு இரும்புச் செலவு கூடும். இருந்தாலும் என் கணக்கில் அது பேட்டரியைவிட நல்ல செலவு.

தண்ணீரில் கம்பி அறுப்பது எவ்வளவு தூரம் நடக்கும்? மதுரையின் ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடி மாடியில் விழுவது 79,000 லிட்டர். ஆவியானது, அழுக்கோடு விட்டது போகக் கைக்கு 60,000 நிற்கும். நான்கு பேர் ஆளுக்கு 100 லிட்டர் செலவழித்தால் ஆண்டுக்கு 1,46,000. பாதிகூட வராது. ஆனால் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்குப் பத்து லிட்டர் என்றால் 14,600 லிட்டர் போதும், நாலு மடங்கு மழை இருக்கிறது. 2003இலேயே எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய மாநிலத்தில் நாம் கேன் தண்ணீர் வாங்குகிறோம். குழாய் இருக்கிறது, குழி இருக்கிறது. பல வீடுகளில் குழியின் மேல் டைல்ஸ் இருக்கிறது.

கடைசியாக, அவனியாபுரம் நேரடியாக அனுபவிக்கிற விஷயம். உள்ளே வந்த தண்ணீரில் எண்பது சதவீதம் வெளியே போகிறது. ஒரு ஃபிளஷ்ஷுக்கு ஆறிலிருந்து பத்து லிட்டர் நல்ல தண்ணீர். அது சேம்பருக்குள் இறங்கியதும் அந்த வீட்டுக்காரரைப் பொறுத்தவரை கதை முடிந்தது. கழிவுநீர் கலந்த அயன்பாப்பாக்குடி வாய்க்காலில் வெள்ளை நுரை பொங்கி ஏறி, காற்றடித்தால் சாலையில் போகிற வண்டிகள் மேல் பறந்த படங்களைச் சில ஆண்டுகளாகச் செய்திகளில் பார்க்கிறோம். சோப்பும் ஷாம்பும் சோப்புத்தூளும் இங்கே வந்து கணக்குக் கேட்கின்றன. கீழ்ப்பக்கத்து வயல்களுக்கும் அந்தத் தண்ணீர்தான். ஜீரோ பில் வாங்குகிற வீட்டு நுரையும் அதில் உண்டு.

ஓடந்துறையின் காற்றாலையிடம் இதற்குப் பதில் கிடையாது, சாதனா ஃபாரஸ்டின் மரத்தூள் வாளியிடம் உண்டு. அதை அப்படியே நகரத்துக்குக் கொண்டுவர முடியாது என்பார்கள். முழுக்க முடியாதுதான். ஆனால் திருச்சி மாவட்டம் முசிறியில் ‘ஸ்கோப்’ அமைப்பு 2006இலேயே மலத்தையும் சிறுநீரையும் பிரிக்கிற பொதுக்கழிப்பறையைக் கட்டி நடத்தியது. காவிரிக்கரையில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் குழிக் கழிப்பறை தோண்டினால் கிணறு கெட்டுவிடும். அதற்காகத்தான் இந்த வழி. வந்து போகிறவர்களுக்கே காசும் கொடுத்தார்கள், உரம் கிடைக்கிறதே என்று. அது வெள்ளைக்காரத் தன்னார்வலர்கள் தங்குகிற காடு அல்ல, நெசவாளர் தெரு இருக்கிற ஊர். ஆகவே நம் ஆட்கள் செய்ய மாட்டார்கள் என்கிற வாதம் அவ்வளவு உறுதியானதல்ல. மாடியில் நாலு வீடு அடுக்கிய கட்டடத்தில் இது நடக்காது என்பதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். குளியலறைத் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரித்துக் கல்வாழைப் பாத்தி வழியாக விட்டு ஃபிளஷ்ஷுக்கே பயன்படுத்துவது அந்தக் கட்டடத்திலும் நடக்கும். கட்டும்போதே குழாயைப் பிரித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவனியாபுரத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஜல்லிக்கட்டுக் காளைக்காக மட்டுமல்ல, பாலுக்காகவும் வீட்டு வாசலில் மாடு கட்டுகிற தெருக்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. இரண்டு மாட்டுச் சாணம் நாளுக்கு இருபது கிலோ என்று வைத்தாலும் முக்கால் கனமீட்டருக்குக் குறையாமல் சாண எரிவாயு வரும். அடுப்புக்கு அது முந்நூறு கிராம் சிலிண்டர் வாயுவுக்குச் சமம். நாற்பது சொச்சம் நாளைக்கு ஒரு 14.2 கிலோ சிலிண்டர் மிச்சமாகும். பெரிய தொகை அல்ல. ஆனால் இப்போது அந்தச் சாணத்தில் ஒரு பகுதி சாக்கடைக்குள் கழுவி விடப்பட்டு அடைத்துக்கொள்கிறது. வாயு வந்தபின் மிஞ்சுகிற கழிவு வயலுக்கு உரம். சமையலறைக் குப்பையும் அதே தொட்டிக்குள் போனால் குப்பை வண்டியில் ஏறுவது பாதியாகும். ஆஃப்-கிரிட் என்று பெருமைப்பட ஏற்ற இணைப்பு ஒன்று இந்த ஊரில் இருக்கிறதென்றால் அது இதுதான்.

இந்த ஊரில் ஒரு வீட்டுக்காரர் என்னிடம் யோசனை கேட்டால் கரன்ட்டுக்கு ஓடந்துறையைப் பார்க்கச் சொல்வேன், சாக்கடைக்குச் சாதனா ஃபாரஸ்டைப் பார்க்கச் சொல்வேன். கையில் நாலு லட்சம் இருக்கிறதென்றால் பேட்டரியில் போட வேண்டாம். 3 கிலோவாட் ஆன்-கிரிட் மானியம் போக ஒன்றேகால் லட்சத்தை ஒட்டி முடிந்துவிடும். மீதியில் கூரைக்குத் தட்டோடு, மழைநீருக்கு மூடிய தொட்டி, குளியலறைத் தண்ணீருக்குத் தனிக் குழாய். மாடு இருந்தால் ஒரு எரிவாயுத் தொட்டி. கம்பத்திலிருந்து வருகிற கம்பி வீட்டையும் ஊரையும் சேர்த்துக் கட்டுகிறது, அதை அறுப்பதால் ஊருக்கு லாபமில்லை. தெருச் சேம்பருக்குப் போகிற குழாய் மெலிந்தால் ஊருக்கு நேரடி லாபம். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாக ஆசைப்படுகிறோம். பேனல் தெரியும், பார்ப்பவர்கள் கேட்பார்கள். கழிவுநீர்ப் பாத்தியை எவரும் வந்து பார்ப்பதில்லை.

இந்த யோசனையெல்லாம் சொந்த மாடி உள்ளவருக்குத்தான். விமான நிலைய வேலைக்கும் கடை வேலைக்கும் வந்து இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? மாடி வீட்டுக்காரருடையது. பேனல் போட அவருக்கு அவசரமில்லை, பில் கட்டுவது அவர் இல்லையே. சாதனா ஃபாரஸ்ட் வழி இவர்களுக்குக் கதவையே திறக்காது. ஓடந்துறை வழி திறக்கும், ஏனென்றால் அந்த ஊராட்சி காட்டியதே அதுதான்: காற்றாடி மைவாடியில் சுற்றலாம், பில் ஓடந்துறையில் குறையலாம். எங்கோ பத்துப் பேர் சேர்ந்து வைத்த பேனலின் யூனிட்டை அவரவர் மீட்டரில் கழித்துக்கொள்ள டெல்லியில் 2019இலேயே விதி வகுத்தார்கள். அதற்கு முதலில் ஆளுக்கொரு மீட்டர் வேண்டும். இங்கே பல வாடகை வீடுகளில் ஈ.பி. மீட்டரே தனியாகக் கிடையாது. உள் மீட்டரைப் பார்த்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் சொல்வதுதான் கட்டணம். 2016 முதல் அரசு எல்லா வீட்டு இணைப்புக்கும் தருகிற 100 யூனிட் இலவசம்கூட அவர்கள் வரை வந்து சேருவதில்லை.